கல் தெரியும் வெளிச்சம்

கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து, ஒரு பிடி அரிசியைக் கடை மேசையில் கொட்டினாள்.

விளக்குக் கடைக்காரர் அரிசியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"அடுக்களைக்குண்ணே. ஒவ்வொண்ணா போட்டுக் காட்டுங்க. எதுல கல்லு தெரியுதோ அது போதும்."

மஞ்சள் விளக்கில் புழுங்கலரிசி அழகாக இருந்தது. பழுப்புக் கல்லும் அதோடு சேர்ந்து அழகாக ஒளிந்துகொண்டது.

அதை ஒதுக்கினாள்.

இருபத்திரண்டு வருடமாக அடுக்களையில் ஒரே ஒரு ட்யூப்லைட். அதுவும் முதுகுக்குப் பின்னால். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். முறத்தைக் கையில் எடுத்தால் அவள் நிழலே அரிசிமேல் விழும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாலும் ஒன்றிரண்டு தப்பிவிடும்.

அரிசி நாத்தனார் வீட்டு வயலில் விளைந்தது. ரோட்டில் நெல்லைக் காயவைத்து, ரோட்டையும் கொஞ்சம் சேர்த்து அள்ளி மூட்டை கட்டுவார்கள். கடை அரிசி வாங்கலாமே என்று ஒருமுறை சொன்னாள். கணவர் அந்தப் பேச்சை ஒரு மாதம் விடவில்லை.

விருந்தாளி வந்த நாளில்தான் கல் அவர் பல்லில் அகப்படும்.

மெல்வதை நிறுத்துவார். இரண்டு விரலால் எடுத்துத் தட்டின் விளிம்பில் வைப்பார். எல்லோரும் பார்க்கும்வரை காத்திருப்பார்.

"உனக்குக் கண்ணு தெரியலையா?"

நாத்தனார் சிரிப்பாள். மூட்டை அனுப்பிய அதே நாத்தனார்.

போன தடவை இன்னொன்றும் சொன்னார். கண்தான் அவிந்துபோச்சு, நல்ல லைட்டாவது வாங்கி மாட்டிக்கோ என்றார். மாட்டிக்கோ என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

கடைக்காரர் வெள்ளை விளக்கைப் போட்டார்.

மூன்று கல். ஒன்றுகூடத் தப்பவில்லை.

"நடுவுல மாட்டிட்டா ரூம் பூரா வெளிச்சம் வரும்மா."

நடுவில் வேண்டாம் என்றாள். மேடைக்கு நேர் மேலே, அலமாரிக்கு அடியில், நெற்றிக்கு முன்னால் வேண்டும். இனி நிழல் முதுகுக்குப் பின்னால் விழட்டும்.

புது வெளிச்சத்தில் ஒரு வாரம் உட்கார்ந்து மூட்டை முழுவதையும் புடைத்துப் பொறுக்கினாள். பொறுக்கியதை எறியவில்லை. காலியான ஊறுகாய் பாட்டிலில் சேர்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பாட்டிலை விளக்கின் கீழே கவிழ்த்தாள்.

ரொம்பப் பெரியது வேண்டாம். சின்னதும் வேண்டாம். நிதானமாகப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். அதைக் கழுவித் துடைத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். மிச்சத்தைத் திரும்பப் பாட்டிலில் போட்டு மேடையில் வைத்தாள்.

மதியம் நாத்தனார் குடும்பம் சாப்பிட உட்கார்ந்தது. கணவரும் உட்கார்ந்தார்.

குழம்பு முடிந்தது. ரசமும் முடிந்தது. கல் இல்லை. அவர் நாக்கால் துழாவித் துழாவிப் பார்த்தார். ஏமாந்துதான் போனார், பாவம்.

மோருக்கு அவளே சோறு பரிமாறினாள்.

நறுக்.

மெல்வது நின்றது. இரண்டு விரலால் எடுத்தார். விளிம்பில் வைத்தார். நாத்தனார் சிரிக்கத் தயாரானாள்.

"உனக்குக் கண்ணு தெரியலையா?"

"இப்ப நல்லாத் தெரியுதுங்க."

அவள் குரலில் என்னவோ இருந்தது. அவர் நிமிர்ந்தார். அவள் தலைகுனியவில்லை. அவள் தோளுக்குப் பின்னால் அடுக்களை மேடை பளிச்சென்று தெரிந்தது. மேடையில் ஊறுகாய் பாட்டில். அதில் ஊறுகாய் இல்லை.

அரை பாட்டில் கல் இருக்கும்.

நாத்தனாரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு வரவில்லை.

அவர் கை தட்டிலேயே நின்றது. அடுத்த பிடியை எடுக்கவில்லை.

அவள் கரண்டியில் சோற்றை அள்ளிக்கொண்டு குனிந்தாள்.

"இன்னும் கொஞ்சம் போடட்டுமா?"