உதடு படாமல்

சுரைக்குடுவை அவள் கைக்கு வந்துவிட்டது.

வாங்காமல் இருக்க முடியாது. வாங்கிவிட்டால் குடிக்காமல் இருக்க முடியாது.

அமேசான் காட்டுக்குள் ஆற்றோர வீடு. கிச்வா பழங்குடி மக்களோடு தங்கி அவர்கள் வாழ்க்கையைப் படிக்க விருதுநகரிலிருந்து வந்திருக்கிறாள். சேர்த்துக்கொள்வதா வேண்டாமா என்பதை வீட்டுக்காரி நார்சிசாதான் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் வந்த படகிலேயே திரும்ப வேண்டியதுதான். படகுக்காரர் கரையில் காத்திருக்கிறார்.

குடுவையில் வெள்ளையாகச் சிச்சா. மரவள்ளிக்கிழங்கை அவித்து, வீட்டுப் பெண்கள் வாயிலிட்டு மென்று, பானையில் துப்பிப் புளிக்க வைத்தது. அதெல்லாம் அவளுக்கு நன்றாகவே தெரியும். பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாள்.

எழுதுவது வேறு.

இருந்தாலும் மனசைத் தேற்றிக்கொண்டாள். எப்படியாவது இந்த வீட்டில் இருந்துவிட வேண்டும். அவ்வளவு ஆசை.

அண்ணாந்தாள். குடுவையை உயரத் தூக்கி, உதடு படாமல் ஊற்றினாள். நாலு பேர் குடிக்கிற குடுவை ஆயிற்றே, எச்சில் பண்ணலாமா?

வீட்டுப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அடிப்பாவி, நீ குடிப்பதே அவர்கள் எச்சில்தானே! அதில் உன் எச்சில் பட்டால் என்ன குறைந்துவிடும்?

நார்சிசாவின் முகம் இறுகிவிட்டது. எங்கள் குடுவை உனக்கு அவ்வளவு அசிங்கமா என்று அந்த முகம் கேட்டது.

பாதி மூக்கில் ஏறியது. இருமினாள். கண்ணெல்லாம் தண்ணீர். கற்றுவைத்த ஸ்பானிஷ் அத்தனையும் பறந்துவிட்டது. எதைச் சொல்லி விளக்குவது?

குடுவையை வாயோடு ஒட்டவைத்தாள். மடமடவென்று குடித்து முடித்தாள். மோவாயில் வழிந்ததைப் புறங்கையால் துடைத்துவிட்டு, இன்னும் வேண்டும் என்று குடுவையை நீட்டினாள்.

புளித்த மோர் மாதிரிதான். நன்றாகவே இருக்கிறது.

நார்சிசா உதட்டைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவளுடைய மகள்கள் அண்ணாந்து ஊற்றுவதுபோல நடித்து, இவளைப் போலவே இருமி, ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்து சிரித்தார்கள்.

கரையிலிருந்து படகுக்காரர் குரல் கொடுத்தார். அந்தப் பெண் வருகிறாளா, இல்லை நான் கிளம்பட்டுமா என்று கேட்டார்.

அவள் நார்சிசாவைப் பார்த்தாள்.

நார்சிசா கரைப்பக்கம் திரும்பவே இல்லை. அவித்த கிழங்குச் சட்டியை இழுத்து இவள் முன்னால் வைத்தாள். பக்கத்தில் ஒரு காலிப் பானை. கிழங்கில் ஒரு துண்டைப் பிட்டுக் கொடுத்தாள்.

"நல்லா மெல்லணும்."

படகு கிளம்பும் சத்தம் கேட்டது. வாய் நிறையக் கிழங்கு. அவளால் சிரிக்கக்கூட முடியவில்லை.