வேகத்தடையில் ஒரு மூச்சு

காலை டவுன் பஸ் செல்லிப்பட்டைத் தாண்டுகிறது. கரும்புத் தோட்டத்து வெயில் ஜன்னல் கம்பிகள் வழியே கடைசி சீட்டில் கோடு கோடாக விழ, பல்கலைக்கழக ஆண்கள் சேர்ந்திசைக் குழுவின் ஆறு மாணவர்கள் பாடுகிறார்கள். பதினைந்து வருஷமாகக் குழுவுக்குப் பயிற்சி அறை இந்தப் பஸ்தான். ஏரிக்கரை வேகத்தடையில் பஸ் குலுங்கும்போது எல்லோரும் பாட்டை நிறுத்தி மூச்சு வாங்குவது முதல் சீனியர்கள் வைத்த வழக்கம். போன வருஷப் போட்டி மேடையிலும் பாட்டின் அதே இடத்தில் நிறுத்தியதால் மார்க் போனது. இன்று மறுபடியும் போட்டி.

“இன்னிக்காவது அங்க நிறுத்தாம இழுத்துப் பாடலாமாடா?” என்கிறான் ராஜ்மோகன்.

“நம்ம பாட்டு அங்கதான்டா மூச்சு வாங்கும். மார்க் போனா போவுது,” என்கிறான் அன்புராஜ்.

சமீபத்தில் ரோட்டுக்குப் புதுத் தார் போட்டபோது அந்த வேகத்தடையைப் பெயர்த்துவிட்டார்கள். ஏரிக்கரை வருகிறது. ஆறு பேரும் மூச்சு வாங்க, டிரைவர் அரங்கநாதன் திரும்பிப் பார்க்காமலே பிரேக்கை லேசாக மிதிக்கிறார்.