கௌதாரி மீது ஒரு புகார்

"எந்தக் கை எழுதுச்சோ, அந்தக் கை விளங்காமப் போக" என்று கண்டக்டர் மூன்றாவது முறையாகச் சபித்தார். பக்கத்தில் நின்ற பல் டாக்டரம்மா கைகளைக் கட்டிக்கொண்டார்.

சபிக்காமல் என்ன செய்வார்? வாசலில் ஏற்கெனவே மண் அள்ளும் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு வனத்துறை அதிகாரி வேறு, யாரோ போட்ட மொட்டைக் கடுதாசியோடு வந்து இறங்கியிருந்தார். பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள்.

இடம் டாக்டரம்மாவுக்கும் அவர் அண்ணனுக்கும் பொதுச் சொத்து. கிளினிக்கின் பின்பக்கம் பாதி நிலத்தில் தெருவிலுள்ள பன்னிரண்டு குடும்பங்கள் சேர்ந்து மருந்தடிக்காமல் காய்கறி போட்டன. மீதிப் பாதியில் முள்ளும் கொடியும் தாமாக முளைத்துத் தாமாக வளர்ந்தன. அந்தப் பக்கம் யாரும் அரிவாளோடு போவதில்லை.

முப்பது வருடம் பஸ்ஸில் விசிலடித்து ஓய்வுபெற்ற கண்டக்டர்தான் தோட்டத்துக்குப் பொறுப்பு. கத்தரியில் புழு பொறுக்கும் குருவியும் பூசணியைக் காய்க்க வைக்கும் தேனீயும் அந்தப் புதரில்தான் குடியிருக்கின்றன, புதர் போனால் தோட்டமும் போச்சு என்று அவருக்குத் தெரியும். டாக்டரம்மாவின் அண்ணனுக்கு அதெல்லாம் தெரியாது. அவருக்கு நாலு கார் நிறுத்த ஒரு ஷெட் வேண்டும், அவ்வளவுதான். அதற்காகத்தான் இயந்திரத்தோடு வந்து நின்றார்.

"புதர் என்ன சோறா போடுது? காய்கறிப் பக்கம் நான் கை வைக்கலை, அதுவே பெரிசு" என்றார் அண்ணன். "நீ என்னம்மா சொல்ற?"

"நீ சொன்னா சரிண்ணா."

ஊரார் பல்லையெல்லாம் பயமில்லாமல் பிடுங்குகிறவருக்கு அண்ணன் எதிரில் மட்டும் வாயே திறக்காது. கண்டக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோபத்தை டாக்டரம்மா மேல் காட்ட முடியாமல் கடிதத்தின் மேல் காட்டினார்.

"எதிர் வீட்டுத் தையல்காரன் வேலைதான் இது. போன வாரம் காயப்போட்ட துணியில குருவி எச்சம் போட்டுடுச்சுன்னு குதிச்சான்." சொல்லிக்கொண்டே அதிகாரியின் தோள் வழியாக எட்டிப் பார்த்தார். கோழி கிளறின குப்பை மாதிரி இருந்தது எழுத்து.

"அதை ஏன் கேக்குறீங்க?" என்றார் அதிகாரி. "எங்க ஆபீஸ்ல ஏழு பேர் பார்த்தும் ஒரு வரி புரியலை. கடைசியில பக்கத்து மருந்துக்கடைக்காரர்தான் மளமளன்னு படிச்சாரு. அவர் சொல்லச் சொல்ல நான் இன்னொரு தாள்ல எழுதிக்கிட்டேன்."

தொண்டையைச் செருமிக்கொண்டு அந்த இன்னொரு தாளை வாசித்தார்: "'கிளினிக் பின்னால் உள்ள புதரில் கௌதாரித் தொல்லை. விடியற்காலையில் கத்தித் தூங்கவிடுவதில்லை. வேலியிலிருந்து பதினொரு அடி உள்ளே, பெரிய முள்செடிக்கு அடியில், முட்டை வேறு இட்டிருக்கிறது. உடனே வந்து பிடித்துப் போகவும்.'"

"ஆகா, கையோட பிடிச்சுட்டுப் போங்க சார். எனக்கும் வேலை சுலபம்" என்றார் அண்ணன், வாயெல்லாம் பல்லாக.

அதிகாரி அளவு நாடாவை இழுத்துக்கொண்டு புதருக்குள் நுழைந்தார். பின்னாலேயே போன கண்டக்டரின் சட்டையை முள் இரண்டு இடத்தில் கிழித்தது. சரியாகப் பதினொன்றாவது அடியில், காய்ந்த புல்லுக்குள், ஏழு முட்டைகள் இருந்தன. தாய்ப் பறவை இரண்டு எட்டு தள்ளி நின்று இருவரையும் வாய்க்கு வந்தபடி வைதது.

கண்டக்டர் முட்டைகளை இன்னொரு முறை எண்ணினார். இத்தனை நாள் பக்கத்திலேயே பாத்தி கட்டியவருக்கே தெரியாத கூடு, அந்தப் பாவிக்குத் தெரிந்திருக்கிறதே.

அதிகாரி வெளியே வந்து இயந்திரத்தைப் பார்த்துக் கை காட்டினார். "முதல்ல இன்ஜினை அணைப்பா. உள்ள கூடு இருக்கு. குஞ்சு பொரிச்சுக் கூட்டிட்டுப் போற வரைக்கும் இங்க மண்வெட்டிகூட விழக்கூடாது. மீறினா கேஸ்."

அண்ணனின் சிரிப்பு பாதியில் நின்றது. "சார், தொல்லைன்னுதானே புகார் வந்திருக்கு?"

"புகார் வந்ததாலதான் நான் வந்தேன். வந்ததாலதான் பார்த்தேன். கண்ணால பார்த்துட்டு, பார்க்கலைன்னு எழுதச் சொல்றீங்களா?"

இயந்திரம் வந்த வழியே பின்வாங்கியது. "எத்தனை நாளைக்கு? ஒரு மாசம்தானே? மறுபடி வர்றேன்" என்று அண்ணன் காரில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினார். அதிகாரியும் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கண்டக்டருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "கெடுக்க நினைச்சவன் நம்மளக் காப்பாத்திட்டான் டாக்டரம்மா. சபிச்சதை வாபஸ் வாங்கிக்கிறேன், அந்தக் கை நல்லா இருக்கட்டும்." உடனே குரல் இறங்கியது. "ஆனா ஒரு மாசம் கழிச்சு உங்க அண்ணன் வந்து நின்னா என்ன பண்றது?"

டாக்டரம்மா அதுவரை கட்டியிருந்த கைகளைப் பிரித்தார். "கிழக்கு மூலை மரப்பொந்துல ஒரு ஜோடி ஆந்தை வந்து இடம் பார்த்துட்டுப் போகுது. அதுக்குள்ள முட்டை வெச்சிடும்" என்றபடி கைப்பையைத் திறந்து, ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் அவரிடம் நீட்டினார்.

"இந்தத் தடவை நீங்க எழுதுங்க, என் எழுத்தைப் படிக்க மருந்துக்கடைக்குப் போக வேண்டியிருக்காம்."