மங்கோச்சி சைதியின் கேள்விகள்

“இந்த சைதியை இன்னிக்கே குழுவை விட்டுத் தூக்கணும்க்கா. அவன் இருந்தா நான் இல்லை.”

லிம்பானி லேப்டாப்பைத் திருப்பி, இணையக் குழுவின் பக்கத்தைக் காட்டினான்.

அலினாஃபே எட்டிப் பார்த்தாள். ‘ஒரே செய்தி ரெண்டு தடவை போயிட்டா, கிடங்கு ரெண்டு தடவை மருந்து அனுப்புமா? தெரியாமத்தான் கேக்கறேன். – சைதி, மங்கோச்சி.’

“நல்ல கேள்விதானேடா?”

“நல்ல கேள்வியா! விளக்கக் குறிப்புலயே பதில் இருக்கு.”

“எங்க இருக்கு?”

“நாப்பதாம் பக்கத்துல... கொஞ்சம் சுத்தி வளைச்சு.”

எதிரே மண்டாசிப் பணியாரத்தைக் கடித்துக்கொண்டிருந்த தமாண்டாவுக்குச் சிரிப்பில் புரையேறியது.

சரியாக சிக்னல் கிடைக்காத ஊர்களின் சுகாதார நிலையங்கள், மருந்து தீர்ந்தால் சாதாரண செல்போனிலிருந்தே கிடங்குக்குத் தகவல் சொல்ல ஒரு பொதுவான மென்பொருள் நெறிமுறை வேண்டியிருந்தது. ஆறு வருஷத்துக்கு முன், ஸோம்பாவில் இதே அறையில் அலினாஃபே எழுதத் தொடங்கியதுதான் ‘துமிசா’. யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தலாம். இப்போது ஐந்து நாடுகளில் ஓடுகிறது. அடுத்த வாரம் இரண்டாம் பதிப்பு.

“அஞ்சு நாட்டு அதிகாரிங்க நம்ம பக்கத்தைப் படிக்கறாங்கக்கா. அங்க ஒருத்தன் அரிச்சுவடி கேட்டுட்டிருந்தா எவன் மதிப்பான்? இனிமே சின்னப் பரீட்சை வெச்சு, பாஸ் பண்ணினவங்க மட்டும் கேக்கட்டும். நீங்க சரின்னு சொன்னாப் போதும்.”

“மாட்டேன்.”

“ஏன்?”

“நர்சு, கிடங்குக்காரர், புதுசா படிக்கற பசங்க, இவங்கதான் இதை நாளைக்கு நடத்தணும். நாம மூணு பேரும் எத்தனை நாளைக்கு?”

“அதுக்கு சைதியா? நாலு வருஷமா கேட்டுட்டே இருக்கான். ஒரு வரி புரோகிராம் எழுதித் தந்திருப்பானா? வெக்கங்கெட்டவன்!”

“அவனை விட்டுடு லிம்பானி.”

“நீங்க சொல்ல வேண்டாம், நானே சொல்லிக்கறேன்.”

சைதியின் முகவரிக்குத் தனியாக ஒரு மெயில் தட்டினான். ‘தயவுசெய்து இனி இங்கே கேள்வி கேட்காதீர்கள். முதலில் படித்துவிட்டு வாருங்கள்.’

அனுப்பினான்.

மேஜைமேல், தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் இருந்த அலினாஃபேயின் செல்போன் ‘டிங்’ என்றது. திரையில் அவன் தட்டிய அதே வரி.

லிம்பானி போனைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

“அக்கா... நீங்களா சைதி?”

“பேருதான் என்னோடது. கேள்வி என்னோடது இல்லை” என்றாள் அலினாஃபே, கூச்சத்தோடு. “எனக்குத் தனியா எழுதறவங்களோடது. இது லிவோண்டேல ஒரு நர்சு கேட்டது. எல்லார் முன்னாலயும் கேட்டா சிரிப்பாங்கன்னு பயம். சைதி கேட்டா, சிரிக்கறது அவனோட போயிடும். பதில் எல்லாருக்கும் கிடைக்கும். பேரை மட்டும் எடுத்துட்டு, அப்படியே போட்டுடுவேன்.”

“எத்தனை பேருக்கு இப்படிக் கேட்டிருக்கீங்கக்கா?”

“எண்ணினதில்லை. பயம் போனதும் சொந்தப் பேர்ல வந்துடுவாங்க.”

லிம்பானியின் வீம்பு இன்னும் இறங்கவில்லை. “அப்படி வந்து உருப்படியா வேலை செஞ்சவங்க யாராவது உண்டா? ஒருத்தரைக் காட்டுங்க பாப்போம்.”

“வேண்டாம்டா.”

“காட்டுங்கக்கா!”

அலினாஃபே தயங்கினாள். பிறகு பழைய பக்கங்களைப் புரட்டி, நாலு வருஷத்துக்கு முன் சைதி கேட்ட முதல் கேள்வியைத் திறந்து அவன் பக்கம் நகர்த்தினாள்.

‘பாதியில் சிக்னல் போனால் அனுப்பிய செய்தி என்ன ஆகும்? முட்டாள்தனமான கேல்வி என்றால் மன்னிக்கவும்.’

தான் கல்லூரியில் படிக்கும்போது அவளுக்கு ரகசியமாக எழுதிய கடிதத்தை, எழுத்துப் பிழைகூட மாறாமல், லிம்பானி இரண்டாம் முறை படித்தான்.