பஸ் என்றால் என்ன?

"இஞ்சாருங்கோ, நான் வாங்கி வச்ச ரிக்கற்றை அந்த மெசினிலை அடியுங்கோவன். அடிக்காட்டில் ரிக்கற் செல்லாது." அந்த இத்தாலிய நகரத்தின் ஒரேத்தோ வீதியில் பஸ் ஏறியதிலிருந்து குகனேஸ்வரி இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அம்பலவாணர் சிரித்தார். "பஸ் எண்டால் என்ன தெரியுமோ உமக்கு? ஒம்னிபுஸ் எண்ட லத்தீன் சொல்லின்ரை வால். 'எல்லாருக்கும்' எண்டு அர்த்தமாம். அப்ப எனக்கும்தானே? எங்கடை மகன் லக்சன்தான் சொன்னவன். யூனிவர்சிட்டியிலை என்னவெல்லாம் படிப்பிக்கிறாங்கள், பாரும்!"

குகனேஸ்வரியின் முகம் வெளிறியது. "இண்டைக்கு மட்டும் என்ரை சொல்லைக் கேளுங்கோ."

"இவ்வளவு காலமாப் பிடிக்காதவங்கள் இண்டைக்கோ பிடிக்கப் போறாங்கள்?"

"அப்ப இறங்குங்கோ. கால்சாவுக்கு நடந்தே போவம்!" அவள் பாய்ந்து மணியை அழுத்தினாள்.

பஸ் நின்றது. சீருடையில் இரண்டு டிக்கெட் பரிசோதகர்கள் ஏறினார்கள். மூத்தவர் கதவோரம் நின்று கவனிக்க, இளையவன் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தான். அம்பலவாணரின் முன்னால் வந்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். லக்சன்!

"படிப்பை விட்டுட்டான்," குகனேஸ்வரி அவர் காதுக்குள் சொன்னாள். "உங்களுக்குச் சொல்லப் பயம். அந்த ஒம்னிபுஸ் எண்ட சொல்லும் இந்த வேலைக்குப் பழகேக்கை படிச்சதுதான். இண்டைக்குத்தான் முதல் நாள். அங்கை அவன்ரை மேலதிகாரி பாத்துக்கொண்டு நிக்கிறார்."

அம்பலவாணர் மகனைப் பார்த்தார். கதவோரம் நின்றவரைப் பார்த்தார். பிறகு எழுந்து, முன்பின் தெரியாதவனிடம் பேசுவதுபோல, இத்தாலிய மொழியில் சத்தமாகச் சொன்னார்:

"நான் டிக்கெட் அடிக்கவில்லை, சிஞ்ஞோரே. அபராதத்தை எழுதுங்கள்."