ஸஹாப்தீனின் இஞ்சின்

இஞ்சினை ஓட்டிக் காட்டினால்தான் அடுத்த மாத மண்ணெண்ணெய்க்குப் பாஸ் என்று நேவி சொல்லிவிட்டது. யோகலிங்கத்தின் பழைய இஞ்சின் ஒரே இழுவையில் பிடித்துக்கொண்டது. அதிகாரி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

பக்கத்துப் படகில் ஸஹாப்தீன் கயிற்றை இழுத்தார். இன்னும் இழுத்தார். இஞ்சின் இருமக்கூட இல்லை.

"பிளக் நனைஞ்சிட்டுது சேர்."

"மெல்ல இழுங்கோ நானா!" யோகலிங்கம் தன் படகிலிருந்து குரல் கொடுத்தார்.

இருபதாவது இழுவையில் அதிகாரிக்கே மனம் இளகிவிட்டது. "பாவம். இஞ்சினை விட்டுட்டுப் போ. எங்கட மெக்கானிக் கழட்டிப் பார்ப்பான்."

ஸஹாப்தீன் பாய்ந்து மூடியைக் கட்டிப்பிடித்தார். "ஐயோ வேணாம் சேர்! வாப்பா தந்த இஞ்சின். வேற ஆள் கை வைக்க என்ட மனம் கேக்காது."

அதிகாரி சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

ஸஹாப்தீனின் படகைக் கட்டியிழுத்துக்கொண்டு வந்த யோகலிங்கம், காவலரண் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் மூச்சு விட்டார். "ரெண்டு வீட்டுக்கும் இருக்கிறது இந்த ஒரு இஞ்சின். எண்ணெய் மட்டும் ரெண்டு பாஸுக்கு. இனி என்ன கவலை, நானா?"

ஸஹாப்தீன் தன் இஞ்சினின் மூடியைக் கழற்றினார். உள்ளே, கயிறு சுற்றிய புட்டுப் பானை ஒரு பக்கம் நன்றாக நசுங்கியிருந்தது.

"நேவியைச் சமாளிச்சிட்டம் தம்பி," என்றார். "வீட்டில ஸுல்பிகாவுக்கு என்னத்தைச் சொல்லுறது?"