அவர் செய்தியில் இல்லாத விபத்து

இவருக்கு இன்னும் தெரியாது என்று நினைத்தபடி சிவகாமி கணவருக்குத் தோசை வைத்தாள். அவருடைய நண்பர் தணிகாசலம் விபத்தில் இறந்ததை அவளுடைய காலைச் செய்தி சொல்லியிருந்தது. கணவர் இதய நோயாளி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் செய்தி தயாராகி வரும் காலம்; அவருக்கென்று வரும் செய்தியில் சாவே கிடையாது.

"ஏன் உம்முனு இருக்க? உன் செய்தியில நம்ம டீம் தோத்துடுச்சா? என்னோடதுல ஜெயிச்சாச்சு!" என்று சிரித்தார்.

ஒரே வீட்டில் துக்கம் தனக்கு மட்டும் வந்திருப்பது அவளுக்குக் கூச்சமாக இருந்தது. மதியம் உடலை எடுத்துவிடுவார்கள். பிறகு அந்த முகத்தை இவர் பார்க்கவே முடியாது.

காதில் மாட்டியிருந்த கருவியில் செய்திக்குரல் கனிவாகக் கேட்டது: "அவர் நலனுக்காக இதைச் சொல்லாதிருங்கள். சம்மதமா, சிவகாமி?"

"இல்லை," என்றாள் மெதுவாக. பிறகு அவர் பக்கம் திரும்பினாள். "சாப்பிட்டுட்டு சட்டையைப் போடுங்க. தணிகாசலம் அண்ணன் வீட்டுக்குப் போகணும்."